கோலிக்குண்டு காவல்

எங்கள் வீட்டுப் பரணில் 31 காலி சோடாப் புட்டிகள் இருக்கின்றன. "பெண்டுகள் புடவை சேர்ப்பார்கள், பாத்திரம் சேர்ப்பார்கள். நீ சேர்க்கிற சாமான் காயலான் கடைக்காரனுக்கே வேண்டாமே!" என்பது என் மாமியாரின் அபிப்பிராயம். ஆனால் அந்தப் புட்டிகளின் வம்ச சரித்திரத்தைக் கேட்டால் நீங்களாவது என் கட்சிக்கு வருவீர்கள்.

சோடாவில் இருக்கும் வாயு இருக்கிறதே, அது சும்மா இருக்கிற ஆசாமி அல்ல. அடைத்த தக்கை காய்ந்து சுருங்கினால் போதும், கம்பி நீட்டி விடும். அதனால் சீமையில் ஒரு காலத்தில் முட்டை வடிவத்தில் புட்டி செய்தார்கள். நிற்க முடியாத புட்டி படுத்துத்தானே கிடக்க வேண்டும்? படுத்திருந்தால் தக்கை நனைந்தபடியே இருக்கும்!

1872-ல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேய எஞ்சினீயரின் புட்டி தக்கைக்கே விடை கொடுத்து விட்டது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி. வாயின் உள்பக்கம் ஒரு ரப்பர் வளையம். வாயுவை அழுத்தி நிரப்பித் தலைகீழாகத் திருப்பினால் கோலி வந்து வாயை அடைத்துக் கொள்ளும். பிறகு நிமிர்த்தினாலும் விழாது. உள்ளேயிருக்கும் வாயுவே அதை ரப்பரோடு சேர்த்துத் தள்ளிக் கொண்டிருக்கும். திருடனையே வாசல் காவலுக்கு நிறுத்தி வைத்த சாமர்த்தியம்! கழுத்தில் இரண்டு குழிகள் இருக்கின்றனவே, அவை அழகுக்காக அல்ல. குடிக்கும்போது அந்தப் பக்கம் கீழே இருந்தால், கோலி அங்கேயே தங்கி வழி விடும்.

சீமையில் பையன்கள் கோலிக்காகவே புட்டிகளை உடைத்துத் தீர்த்தார்கள். ஜப்பானில் 'ராமுனே' என்ற பெயரில் இன்றும் அதே புட்டி விற்கிறது. நம் ஊரிலோ, மேடையில் பேசுகிறவரின் தொண்டையை நனைத்ததும் அதுதான். பேச்சு பிடிக்காதபோது பறந்ததும் அதுதான்.

1892-ல் பால்டிமோர்காரர் வில்லியம் பெயின்டரின் பல் வைத்த தகர மூடி வந்தது. கோலிக்குச் சனி பிடித்தது. 1915-ல் கோகோ கோலாவுக்கு, இருட்டில் தடவினாலும், உடைந்து தரையில் கிடந்தாலும் அடையாளம் தெரியும்படி ஒரு புட்டி வேண்டுமென்றார்கள். வரைந்தவர்கள் கொக்கோக் காயின் படத்தைப் பார்த்து வரைந்தார்கள். கொக்கோவுக்கும் அந்தப் பானத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது! அந்தக் கம்பெனி 1977-ல் இந்தியாவை விட்டுப் போய் 1993-ல் திரும்பியது. நடுவில் அரசாங்கமே 'டபிள் செவன்' என்று ஒரு பானம் விற்றது. அந்தப் புட்டி மட்டும் எனக்கு இன்னும் அகப்படவில்லை. 1916-ல் விருதுநகரில் பிறந்த காளி மார்க் சோடாவின் புட்டிகள் என்னிடம் மூன்று உண்டு.

எங்கள் பேட்டை சோடாவுக்குப் பேர் போனதல்ல. தீப்பெட்டிக்குப் பேர் போனது. ஸ்வீடன் தேசத்தார் 1923-ல் ஆரம்பித்த வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனியின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் வருவதுதான் விம்கோ. 2021-ல் மெட்ரோ ரயிலும் வந்து விட்டது.

சென்ற வருஷம் இங்கே ஒரு சோடாக் கடையை மூடப் போவதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். கணவர் காலமான பிறகு பதினாறு வருஷம் தனியாகவே மெஷின் சுற்றிய அம்மாள் அவர். தோள் இறங்கி விட்டது. நாலு பெட்டிகளில் 96 கோலிப் புட்டிகள். பழைய சாமான்காரர் கிலோக் கணக்கில் உடைத்து எடுத்துப் போக, கையில் பணத்தோடு காத்திருந்தார். அந்த அம்மாளுக்கு மூன்று மாதக் கடை வாடகை பாக்கி.

"நான் அதற்கு மேலே தருகிறேன், ஆயா" என்றேன்.

"எடுத்துக்கினு போயி இன்னா செய்வே, கண்ணு?"

"பரணிலே அடுக்கி வைப்பேன்."

ஆயா என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "இத்தை வெச்சு மூணு பொண்ணுங்களைக் கரையேத்தினேன். பரண்லே குந்த வெக்கவா?"

எர்ணாவூர்ப் பையன் ஒருவன் மெஷினோடு எல்லாவற்றையும் கேட்கிறானாம். 2025-ல் மத்திய அரசின் ஏற்றுமதி அமைப்பு இதே சரக்குக்கு 'கோலி பாப் சோடா' என்று பெயர் சூட்டி, அமெரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் அனுப்புவதைப் படித்ததிலிருந்து அவனுக்கு ஒரே உற்சாகம். ஆனால் மாதத் தவணையில்தான் பணம் தர முடியும். வீட்டுக்காரர் தவணைக்குச் சம்மதிப்பாரா?

எனக்கு ஆசை இல்லாமலில்லை. 96 புட்டி! அவற்றில் சில பச்சைக் கண்ணாடி. ஆனாலும் அந்தப் பேச்சுக்குப் பிறகு வாங்கிப் போக மனசு வரவில்லை. கொண்டு போன பணத்தை வாடகைக்கென்று ஆயாவிடம் கொடுத்தேன். பையன் தவணை கட்டக் கட்ட ஆயா எனக்குத் திருப்பித் தருவதென்று ஏற்பாடு. இதுவரை இரண்டு தவணை வந்திருக்கிறது. மூன்றாவதற்குப் பதில் பன்னீர் சோடா வந்தது.

பெட்டிகள் வண்டியேறிய அன்று ஆயா ஒவ்வொரு புட்டியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றை மட்டும், வாய் ஓரம் சில்லுப் பெயர்ந்ததை, தனியாக எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது வேலைக்கு ஆவாது. நீ வெச்சுக்கோ."