அக்காவையும் மறக்காத இயக்குநருக்கு

அன்புள்ள சுதா கொங்கரா அவர்களுக்கு,

உங்கள் ‘இறுதிச்சுற்று’ 2016 ஜனவரியில் வெளியானது. இவ்வளவு தாமதமாக நன்றி சொல்ல வருகிறேனே என்று நினைக்க வேண்டாம். இரண்டு பெண்களை வளர்க்கும் வீட்டில் அந்தப் படத்துக்கு வேலை இன்னும் முடியவில்லை.

விழுந்தவர் எழுந்து ஜெயிக்கும் கதைகளுக்கு நம் சினிமாவில் பஞ்சம் இல்லை. குடும்பத்தோடு பார்க்கலாமா என்று கேட்டால், “தாராளமா பாருங்க, கடைசியில ஜெயிச்சுடுவாங்க” என்பார்கள். பெற்றவளுக்கு அது போதாது. ஜெயிப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் யார் எதை இழந்தார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பல படங்களில் அதற்கு விடை இருக்காது. உங்கள் படத்தில் இருந்தது.

குத்துச்சண்டை வீராங்கனையாகும் நாயகி மதியைப் பற்றி ஊரே பேசியது. மீன் விற்கும் வடசென்னைப் பெண், வாய்த்துடுக்கு, கோபம் வந்தால் கை நீளும். நிஜத்திலும் சண்டைக்கலை பயின்ற ரித்திகா சிங் அந்தப் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்து, தேசிய விருதுகளில் சிறப்புக் குறிப்பும் பெற்றார். ஆனால் என் நன்றியில் பெரும்பங்கு மதிக்கு அல்ல, அவளுடைய அக்கா லக்ஸுக்கு. குத்துச்சண்டை கற்றுக்கொண்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை வாங்க வேண்டும் என்று வருடக்கணக்கில் வியர்வை சிந்தியவள் அவள். பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் நுழைந்ததே 2012 லண்டனில்தான். அங்கே மேரி கோம் வெண்கலம் வாங்கினார். அதற்கும் முன்பிருந்தே கையில் துணி சுற்றிக்கொண்டு நின்ற பெண்களுக்கு மாதச் சம்பளம் வரும் ஒரு அரசு வேலைதான் பதக்கம். லக்ஸ் அதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் வெளியூரிலிருந்து வரும் பயிற்சியாளர், அவளை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்த தங்கையைக் கை காட்டுகிறார்.

பொறாமையில் லக்ஸ் தங்கையின் கையைக் காயப்படுத்துகிறாள். மதி போட்டியில் தோற்கிறாள். தப்புதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் அவளை நீங்கள் வில்லியாக்கவில்லை. ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டைத் தின்று வளர்ந்த இருவரில் ஒருத்திக்கு மட்டும் கதவு திறந்தால் மற்றவளுக்கு வயிறு எப்படி எரியும் என்று காட்டினீர்கள். பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பேசுவது நம் வீடுகளில் காலைக் காப்பி மாதிரி வழக்கமான விஷயம். “அவளைப் பாரு” என்று நாம் சாதாரணமாகச் சொல்வது எங்கே போய் முடியும் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன வேறு தமிழ்ப்படம் எனக்குத் தெரியவில்லை. என் மூத்த மகள் அந்தக் காட்சிகளுக்குப் பிறகு நெடுநேரம் பேசினாள். அவள் பேசியவற்றை இங்கே எழுதப் போவதில்லை. பேச வைத்தது உங்கள் படம்.

அடுத்தது அந்தப் பயிற்சியாளர், பிரபு செல்வராஜ். பொய்ப்புகார் சுமத்தப்பட்டு ஹிசாரிலிருந்து சென்னைக்குத் தூக்கியடிக்கப்பட்டவர். மாதவன் அந்த மனிதரின் கசப்பைக் கொஞ்சமும் இனிப்பாக்காமல் நடித்திருந்தார். வேண்டுமென்றே தோற்றுவிட்டாள் என்று மதியை விரட்டும்போது அவருக்கும் கண் மறைக்கிறது. உண்மை தெரிந்தபின் அவர் அறிவுரை சொல்லிக்கொண்டு வரவில்லை, அவளுக்காகத் தன்னிடம் இருப்பதை இழக்கத் துணிந்து வருகிறார். தான் விலகினால்தான் அவளை மேடையேற்றுவார்கள் என்றதும் விலகிப் போகிறார். ஒருவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது என்றால் இன்னொருவர் எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறார். பாட்டும் கைதட்டலும் சேர்ந்து இதை மறைத்துவிடும் படங்களைப் பார்த்துச் சலித்திருந்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரியின் பாத்திரத்துக்கும் நன்றி. அணியில் இடம் தருகிறேன் என்பவன் பதிலுக்கு என்ன கேட்பான் என்று பெண்பிள்ளைகளிடம் பேச நமக்கு நா எழாது. அவன் வரும் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டுப் பேசினோம். விளையாட்டு வேண்டாம் என்று மகளை வீட்டில் உட்கார வைப்பதுதான் பாதுகாப்பு என்று நினைக்கும் பெற்றோருக்கு, யாரிடம் எப்படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் வழியை அந்தக் காட்சி திறந்துவிட்டது.

ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மதிக்குப் பயிற்சியாளர் மேல் வரும் காதல். பிரபு அதைத் தட்டிக்கழிக்கிறார், சரி. ஆனாலும் வளரும் பிள்ளைகளோடு பார்க்கும்போது, குரு குருவாகவே நின்றிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது. ஆசானும் மாணவியும் ஒருவருக்காக ஒருவர் போராடக் காதல் தேவையே இல்லை. கடைசிக் காட்சியின் கட்டிப்பிடிப்பு அது இல்லாமலேயே அழ வைத்திருக்கும்.

உங்கள் முதல் தமிழ்ப்படம் ‘துரோகி’ 2010இல் வந்து போனது. அடுத்தது வர ஐந்து வருடத்துக்கும் மேல் ஆனது. ஒரு தோல்விக்குப் பிறகு பெண் இயக்குநருக்கு இன்னொரு படம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று திரைத்துறைக்கு வெளியே இருக்கும் எனக்கே புரிகிறது. பிரபுவின் பொறுமையின்மையும் லக்ஸின் எரிச்சலும் அவ்வளவு உண்மையாக இருந்ததற்கு அந்தக் காத்திருப்பும் ஒரு காரணமாக இருக்கும் என்று நம்புகிறேன். காத்திருந்ததற்கும் நன்றி.

ஒரு வேண்டுகோள். மதியின் கதையைச் சொல்லிவிட்டீர்கள். தேர்வாகாமல் போன அக்காவின் கதையை இன்னொரு படமாக எடுங்கள். என் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு முதல் நாளே வருகிறேன்.


இரண்டு பெண்களின் அம்மா