வாள் எடுத்த பிறகும் கதைக்கலாமா?

சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளோடு என்ன விளையாடுகிறீர்கள் என்று பல பெற்றார் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம்.

விளையாட்டின் பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974இல் அமெரிக்காவில் வெளியானது. எங்கள் இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் கதை சொல்வார். பிள்ளைகள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். முடிவு நிச்சயமில்லாத இடங்களில் இருபது பக்கத் தாயக்கட்டை உருட்ட வேண்டும். சில வீடுகளில் தாயக்கட்டை வேண்டாம் என்றதால், 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளை ஒரு டின்னில் போட்டு எடுக்கிறோம். வரும் எண்ணோடு பாத்திரத்தின் திறமைப் புள்ளியைக் கூட்டுவோம்.

சண்டைக் கட்டம் வந்தால்தான் எங்களுக்குத் தலையிடி. வாள்வீரனை எடுத்த பிள்ளை வாளை வீசக் காத்திருக்கும்போது, பேச்சுத்திறன் கூடிய பாத்திரத்தை எடுத்த பிள்ளை, “நான் கதைத்துச் சமாதானமாக்குறேன் சேர்” என்பான். ஒவ்வொரு தடவையும் விட்டால் மற்றவர்களுக்கு வேலையில்லை. விடவே மாட்டோம் என்றால், அடி விழுந்த பிறகு பேச்சுக்குப் பயனில்லை என்று நாங்களே படிப்பித்த மாதிரி ஆகிவிடும்.

விதிநூல்களும் இதோடு மல்லுக்கட்டித்தான் வந்திருக்கின்றன. 1981ஆம் ஆண்டுப் பதிப்பில், எதிரிகளில் முதல் ஆள் விழும்போதும் பாதிப்பேர் விழும்போதும் அவர்களின் மனவுறுதியைச் சோதிக்கலாம். 2003இல், ஒருவரின் மனதை மாற்ற ஒரு நிமிடமாவது கதைக்க வேண்டும், அவசரமாகக் கதைத்தால் 10 புள்ளி குறையும் என்றார்கள். 2024 விதியில், அறவே இணங்காதவனிடம் முயன்று பயனில்லை. தயங்குகிறவனிடம்தான் முயலலாம். 15 அல்லது அவனது அறிவுப் புள்ளி, எது கூடவோ அதை எட்ட வேண்டும்.

இவற்றைப் பார்த்து நாங்கள் நான்கு விஷயம் வைத்துக்கொண்டோம். சண்டையில் ஒரு சுற்று 6 செக்கன், ஆகவே ஒரே ஒரு வசனம்தான். கதைக்கிறவர் அந்தச் சுற்றில் அடிக்க முடியாது. எதிரி தயங்குவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அவனுக்கு என்ன கொடுக்கப் போகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். நடித்துக் காட்டத் தேவையில்லை. எங்களிடம் திக்கிப் பேசும் பிள்ளை ஒருவர் இருக்கிறார். அவர் எடுத்தது பாடகர் பாத்திரம். துண்டோடு கூட்டுவது பாத்திரத்தின் புள்ளியை. பிள்ளையின் நாக்குக்கு நாங்கள் புள்ளி போடுவதில்லை.

போன மாதம் கொள்ளைக்காரரோடு சண்டை. வாள்வீரன் அவர்களில் இரண்டு பேரை வீழ்த்திய பிறகு அந்தப் பிள்ளை சொன்னார்: “காயப்பட்டவங்களைத் தூக்கிட்டுப் போங்க, நாங்க துரத்த மாட்டோம்.” துண்டில் 11, திறமைக்கு 6, மொத்தம் 17. கொள்ளைக்காரர் பின்வாங்கினார்கள்.

உடனே இன்னொரு பிள்ளை, போகிறவர்களின் முதுகில் அம்பு விடப் போகிறேன் என்றான். “வாக்குக் குடுத்தது அவன், நான் இல்லையே சேர்!”

அன்று சண்டையை விட இந்த வாக்குவாதம்தான் நீண்டது. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவனை யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் அம்பு பறந்தால் அந்தக் காட்டில் இனி யார் எங்களை நம்புவார்கள் என்று வாள்வீரன் கேட்டான். கடைசியில் பிள்ளைகளே இரண்டு விதி சேர்த்தார்கள். எல்லோர் பேரிலும் வாக்குக் கொடுக்க முன்னர் மற்றவர்களைப் பார்க்க வேண்டும், ஒருவர் தலையாட்டாவிட்டாலும் அந்த வாக்கு இல்லை. கொடுத்த வாக்கை முறித்தால், அடுத்த எதிரியை இணங்க வைக்க 5 புள்ளி கூட வேண்டும்.

இரண்டாவது விதியை முன்மொழிந்தது அம்பு விடப் போன பிள்ளைதான்.

விரும்பிய பெற்றார் வந்து ஒரு சுற்று இருந்து பாருங்கள். கதிரை இருக்கிறது.