மிளகாய்ச் செடியும் சவர்க்கார நீரும்

அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் பாட்டி வளர்த்த மிளகாய்ச் செடி ஒரு மாதமாகப் பூக்கவில்லை. இலைகள் சுருண்டிருந்தன. கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சிகள் மொய்த்திருந்தன. அவை செடியின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை வெளியேற்றும். அதைச் சுவைக்க எறும்புகளும் வரிசையாக வந்தன.

“கடையில் பூச்சிமருந்து விற்கிறார்களே, பாட்டி. வாங்கி வரட்டுமா?” என்று உயர்நிலை இரண்டில் படிக்கும் பேத்தி கேட்டாள்.

“இந்த மிளகாயை நாம்தானே சாப்பிடப் போகிறோம், கண்ணு? சமையலறையில் இருப்பதே போதும்,” என்றார் பாட்டி.

அவர் ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு தேக்கரண்டி கலந்தார். துணி துவைக்கும் தூளை எடுத்து வந்த பேத்தியைத் தடுத்தார். அது இலையைக் கருக்கிவிடும். பூண்டையும் மிளகாயையும் அரைத்துத் தெளிப்பவர்களும் உண்டு. ஆனால், குறுகிய தாழ்வாரத்தில் அது காற்றில் பறந்து அண்டை வீட்டாரின் கண்ணில் பட்டால், மாவுப்பூச்சியைவிடப் பெரிய சிக்கலாகிவிடும்!

சவர்க்கார நீர் பூச்சியின் உடலில் நேராகப் படவேண்டும். காய்ந்துவிட்டால் அதற்கு வலிமை இல்லை. அதனால், பாட்டி வெயில் தாழ்ந்த பிறகு ஒவ்வோர் இலையையும் திருப்பி, அடிப்புறம் நனையுமாறு தெளித்தார். மறுநாள் காலையில் வெறும் தண்ணீரால் செடியைக் கழுவிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து மீண்டும் தெளிக்கும் பொறுப்பு பேத்திக்கு வந்தது. எஞ்சியிருந்த வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே சற்றுப் பெரிதான சில, விறுவிறுவென்று நகர்ந்தன. அவற்றையே குறிவைத்துத் தெளித்தாள். மூன்று சுருண்டு விழுந்தன.

பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“ஐயோ, கண்ணு! இது பொறிவண்டின் புழு ஆயிற்றே!”

சிலவகைப் பொறிவண்டுகளின் புழுக்கள் மாவுப்பூச்சியைப் போலவே உடலெங்கும் வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு, அவற்றின் நடுவிலேயே இருந்து அவற்றைத் தின்னும். மாவுப்பூச்சி மெல்ல ஊரும். இந்தப் புழு வேகமாக நகரும். நெருங்கிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். வீட்டில் கலந்த மருந்து என்பதற்காக, அது நண்பன் யார், பகைவன் யார் என்று பார்த்தா கொல்லும்?

பேத்தி தெளிப்பானைக் கீழே வைத்தாள். மேல் கிளையில் இன்னொரு புழு நகர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கிளையை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றில் இருந்த மாவுப்பூச்சிகளைச் சவர்க்கார நீரில் தோய்த்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தாள். முடிப்பதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.