எங்கள் வீட்டுக் கிணறும் கறுத்துப்போன பாட்டிலும்

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குறை சொன்னால் ஆச்சிக்குக் கோபம் வந்துவிடும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது வீடு. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் கிணற்றில் தண்ணீர் கடகடவென்று மேலே ஏறும். "அருவித் தண்ணிக்குக் கூடப்பொறந்தது நம்ம தண்ணி" என்பாள். தாத்தா காலத்தில் அடியில் நெல்லிக்கட்டை போட்டிருக்கிறார்கள். கலங்கினால் தேத்தாங்கொட்டையை உரசி விட்டால் தெளிந்துவிடும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அக்கா முதல் பிரசவத்துக்கு வருகிறாள் என்றதும்தான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. பச்சைக்குழந்தை வரப்போகிற வீடு, ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்கிவிடலாம் என்றாள். மறுநாளே விற்பனைக்காரர் ஒருவர் பையோடு வந்துவிட்டார்.

பேனா மாதிரி ஒரு மீட்டரை எங்கள் தண்ணீரில் விட்டார். 190. அவர் கொண்டுவந்த பாட்டிலில் விட்டார். 20. "நூத்தித் தொண்ணூறு மேடம்!" என்று ஏதோ காய்ச்சல் பார்த்த மாதிரி சொன்னார். அடுத்து இரண்டு டம்ளரிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். எங்கள் தண்ணீர் செங்கல் நிறத்தில் சேறாகத் திரண்டது. அவருடைய தண்ணீர் அப்படியே இருந்தது. அம்மா முகம் வெளிறிவிட்டது.

இந்த வித்தையை நான் முன்பே படித்திருந்தேன். தண்ணீரில் கரைந்த உப்பு இருந்தால்தான் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக வரும். அந்தச் சேறு கம்பியிலிருந்து வந்தது, கிணற்றிலிருந்து அல்ல. "அண்ணே, உங்க தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்க" என்றேன். அவர் போடவில்லை, நான் போட்டேன். இரண்டு நிமிடத்தில் அதுவும் செங்கல் நிறம். மனிதர் பாவம், மோர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார் :)

190 என்பதும் பயப்படுகிற எண் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) கரைந்த உப்புகளை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது, தண்ணீர் அவ்வளவு வீணாகிறது என்பதால்.

ஆச்சி ஜெயித்துவிட்டாள். நானும் பெரிய விஞ்ஞானி மாதிரி இரண்டு நாள் திரிந்தேன். மூன்றாவது நாள் உறைத்தது. அந்த மீட்டர் உப்பை மட்டும்தானே அளக்கும்? கிருமி இருக்கிறதா என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

கெமிஸ்ட்ரி படிக்கும் தோழி ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில் வாங்கித் தந்தாள். உள்ளே மருந்தில் தோய்த்துக் காயவைத்த காகிதம். கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும், அவ்வளவுதான். மனிதக் குடலிலிருந்து வரும் கிருமிகளோடு கூடவே இருக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். அது காகிதத்திலுள்ள இரும்போடு சேர்ந்து கறுக்கும். குவாலியரில் உள்ள ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த மாஞ்சா, மௌர்யா, ராவ் என்ற மூவர் 1982-ல் இதை வெளியிட்டார்கள். நம் ஊர் வெயிலே போதும், தனியாகச் சூடுபடுத்தும் பெட்டி வேண்டாம். இவ்வளவு மலிவான, உருப்படியான கண்டுபிடிப்பைப் பள்ளிக்கூடத்தில் ஏன் யாரும் சொல்லித் தரவில்லை என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் பாட்டில் மை மாதிரி கறுத்திருந்தது.

இன்னொரு பாட்டிலிலும் பார்த்தேன். அதுவும் கறுப்பு. சில சமயம் நிலத்தடி நீரில் இயல்பாகவே இருக்கும் கந்தகம்கூட இப்படிக் காட்டிவிடும் என்பதால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. பொதுமக்களும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ரசாயனப் பரிசோதனைக்கு இரண்டு லிட்டர் கேன். கிருமிக்குத் தனியாக, சுத்திகரித்த பாட்டில், அதை ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். மடியில் ஐஸ் பெட்டியோடு திருநெல்வேலி பஸ்ஸில் போனேன். பாவூர்சத்திரத்தில் ஏறிய ஒரு அம்மா, "மீனாம்மா?" என்று கேட்டார்.

100 மில்லியில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. எங்கள் தண்ணீரில் இருந்தது. நைட்ரேட் 41, எல்லை 45.

எங்கிருந்து வருகிறது என்று தேட வெளியே போக வேண்டியிருக்கவில்லை. கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் குறைந்தது 50 அடி, அதாவது 15 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பார்கள். நானும் தம்பியும் டேப் பிடித்து அளந்தோம். 22 அடி. நான் பிறந்த வருஷம் அப்பா கட்டியது. அடியில் கான்கிரீட் போடாமல் மண்ணாகவே விட்டால் தண்ணீர் தானாக இறங்கிவிடும் என்று கொத்தனார் யோசனை சொன்னாராம். "இருபது வருஷமா ஒருதடவைகூட லாரி கூப்பிட்டதில்ல" என்று அப்பா வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வார். அத்தனையும் எங்கே இறங்கியது என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. சாரல் காலத்தில் கிணறு நிறைகிறது என்றால் நிலத்துக்கடியில் நீர்மட்டம் அந்த டேங்கின் அடிவரை ஏறி வருகிறது என்று அர்த்தம். ஆச்சி கொண்டாடிய மாதங்கள்தான் மோசமான மாதங்கள்.

அப்பா டேப்பைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அன்று இரவே பிளீச்சிங் பவுடர் போட்டோம். கணக்கு எளிது. கிணற்றின் விட்டம் 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 4 மீட்டர். 3.14-ஐ விட்டத்தின் வர்க்கத்தாலும் ஆழத்தாலும் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 12.56 கனமீட்டர், அதாவது 12,560 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் 31 கிராம். நான் ஒரு கிலோ வாங்கி வைத்திருந்தேன்! வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்து அதைக் கிணற்றுக்குள் இறக்கி ஆட்ட வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக் கூடாது, தண்ணீர் கடினமாகிவிடும். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அழுக்கு அதைத் தின்றுவிட்டது, இன்னும் போட வேண்டும். எங்களுக்கு இரண்டாவது தடவைதான் நின்றது.

ஆனால் டேங்க் கசிகிற வரை இது தினமும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. நைட்ரேட்டைக் குளோரின் ஒன்றும் செய்யாது. காய்ச்சினால் தண்ணீர் வற்றி அது கொஞ்சம் கூடத்தான் செய்யும். கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாய்வதற்கு அதிக நைட்ரேட் ஒரு காரணம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்றாலும், பால்பவுடர் கரைக்க நேர்ந்தால் கிணற்றுத் தண்ணீர் கூடாது, குழாய்த் தண்ணீர்தான் என்று முடிவு செய்திருக்கிறோம்.

நியாயமாகச் சொன்னால், அந்த ஆர்.ஓ. மெஷினை வாங்கியிருந்தால் அது கிருமியையும் நைட்ரேட்டையும் பெருமளவு வடிகட்டியிருக்கும். அந்த அண்ணன் தப்பான காரணம் சொல்லி ஓரளவு சரியான சாமானை விற்க வந்திருக்கிறார். ஆனால் அது அடுக்களைக் குழாயில் மட்டும்தான். ஆச்சி கிணற்றடியில் வாளியிலிருந்தே கையேந்திக் குடிப்பவள். டேங்கும் அப்படியே கசிந்துகொண்டிருந்திருக்கும், எங்களுக்கும் தெரிந்திருக்காது.

பழைய டேங்கை மூடி, தள்ளிப் புதிதாகக் கட்டக் கொத்தனார் சொன்ன தொகை மெஷின் விலையைவிட ரொம்ப அதிகம். பிரசவம் முடியட்டும் என்றார் அப்பா. அதற்கு முன்னால் முடியணும் என்றாள் அம்மா. ஐப்பசியில் குழந்தை, ஐப்பசியில்தான் அடுத்த மழையும். அம்மா சொன்னபடிதான் நடக்கப்போகிறது. கழிவு அள்ளும் லாரி, இருபது வருஷத்தில் முதல் தடவையாக, நாளை மறுநாள் வருகிறது.

ஆச்சி "காய்ச்சினா ருசியே போயிருதுட்டி" என்று முனகிக்கொண்டே சீரகம் போட்டுக் குடிக்கிறாள்.