மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்போம்

ஓடும்போது வண்டியில் ஒரு குறையும் தெரிவதில்லை. சிக்னலில் நின்றதும் இன்ஜின் உதறுகிறது. சில வேளைகளில் அப்படியே அணைந்தும் விடுகிறது. பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பழகிய தொல்லை. உடனே பெட்ரோல் பம்பையும் த்ராட்டில் பாடியையும் சந்தேகிப்பது வழக்கம். மின்சாரப் பக்கத்தை அளந்து பார்ப்போர் குறைவு.

நம் மதரஸாவின் பிள்ளைகளை ஏற்றி வரும் நான்கு சிலிண்டர் வேனுக்குச் சென்ற ஆண்டு இந்நிலை ஏற்பட்டது. அது வரும் வழியில் ரயில்வே கேட் ஒன்று உண்டு. தண்டவாளத்தின்மேல் வண்டி அணைந்துவிட்டால் என்னாகும் என்ற அச்சம் பெற்றோரைப் பிடித்துக்கொண்டது. ஒர்க் ஷாப் ஒன்றில் மேற்சொன்ன இரண்டு பாகங்களையும் மாற்றிப் பார்க்கலாம் என்று 22,000 ரூபாய்க்குக் கணக்குக் கொடுத்தார்கள். ஊரார் சந்தாவாகவும் ஸதக்காவாகவும் தந்த பணம் அமானிதம். அதை ஊகத்தின் பேரில் செலவிட நிர்வாகத்தினருக்கும் மனம் வரவில்லை, நமக்கும் வரவில்லை.

வண்டி வயரிங் வேலையில் நரைத்துப்போன அண்ணாச்சி ஒருவரிடம் சென்றோம். அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை, கேள்விதான் கேட்டார். "ஹஜ்ரத், லைட்டு, புளோயர் போட்டா உதறல் கூடுதா?" ஆம், கூடிற்று. "அப்ப முதல்ல கரண்டைப் பாத்துருவோம்" என்றார்.

ஐட்லிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 முதல் 900 சுற்றுகளே சுழல்கிறது. ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறினால், அந்தத் தடுமாற்றத்தைத் தாங்கிக் கடக்கும் வேகம் அப்போது அதற்கு இல்லை. ஆல்டர்னேட்டரும் மெதுவாகவே சுழல்வதால் அதன் ஆற்றலும் குறைவு. ஓட்டத்தில் மறைந்திருக்கும் மின்குறை நிற்கும்போது வெளிப்படுவது இதனால்தான்.

அண்ணாச்சி மல்டிமீட்டரை எடுத்தார். இன்ஜின் அணைந்திருக்கையில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது, நல்ல பேட்டரிதான். ஓடும்போது 14.1, சார்ஜ் ஏறுகிறது. லைட்டையும் புளோயரையும் போட்டதும் 13.2க்கு இறங்கிற்று. பலரும் இவ்விடத்தில் ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடுவார்கள். அவரோ மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றொன்றை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்தார். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது, காட்டியதோ 0.8. இன்ஜினுக்கு வரும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றியபோது பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சென்சார்கள் பலவும் 0 முதல் 5 வோல்ட்டுக்குள்தான் வண்டியின் கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்கின்றன. எர்த் தளர்ந்தால் அச்செய்தியும் பிசகலாம், தீப்பொறியும் வலுவிழக்கலாம்.

போல்ட் இடத்தைச் சுரண்டிப் புது வயர் போட்டதும் அளவு 0.05க்கு வந்தது. உதறல் பெரிதும் நின்றது. ஆயினும் சிறு மிஸ்ஸிங் எஞ்சியது. அவ்வண்டியில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் தனித்தனி இக்னிஷன் காயில் உண்டு. இன்ஜினை அணைத்து, ஒரு காயிலின் கனெக்டரை மட்டும் கழற்றி, சில விநாடிகள் ஓட்டிப் பார்த்தார். இவ்வாறே ஒவ்வொன்றாகச் செய்ததில், மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்தச் சிலிண்டர் முன்பே வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். மூன்றாவது காயிலை முதலாவது இடத்துக்கு மாற்றினார். குறையும் முதல் சிலிண்டருக்கு இடம் மாறியது. குற்றவாளி பிளக்கன்று, காயிலே என்பது ஐயமின்றித் தெளிந்தது. ஒரு காயில், ஒரு வயர், கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாயில் வேலை முடிந்தது.

காயிலில் பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட். ஆகவே இன்ஜின் ஓடும்போது அதில் கை வைக்காதீர்கள். இச்சோதனையை அறிந்தவரிடமே விடுங்கள். நெடுநேரம் அவ்வாறு ஓட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையிலுள்ள கன்வெர்ட்டரையும் கெடுத்துவிடும்.

ஆனால் கவனித்துச் சொல்வது நம் அனைவராலும் இயலும். அணையும்போது டேஷ்போர்டு விளக்குகளும் ஒருசேரச் செத்துவிட்டால் பேட்டரி டெர்மினல், இக்னிஷன் சுவிட்ச், பெரிய ஃபியூஸ் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சூடானபின் அணைந்து, ஆறியபின் ஸ்டார்ட் ஆகுமானால் கிராங்க் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள். மழை ஈரத்தில் மட்டும் உதறினால் காயிலையும் பிளக் வயரையும் பாருங்கள். ஸ்கேனர் பி0303 என்று காட்டினால் மூன்றாவது சிலிண்டரில் தீ பிடிக்கவில்லை என்றே பொருள்; காயிலை மாற்று என்ற தீர்ப்பன்று அது. காரணம் பிளக்காகவோ, இன்ஜெக்டராகவோ, வெறும் கனெக்டராகவோ இருக்கலாம்.

மெக்கானிக்கிடம் செல்லும்போது "எதை மாற்ற வேண்டும்?" என்று கேளாதீர்கள். "எதை அளந்தீர்கள், எவ்வளவு காட்டியது?" என்று கேளுங்கள். நல்ல தொழிலாளி அக்கேள்வியால் வருந்துவதில்லை. மீட்டரை நம் பக்கம் திருப்பிக் காட்டுவார்.