இடம் அடைக்காத குறிகள்

2023இல் என்னிடம் வந்த வேலை சின்னது. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் இயந்திரம் ஒன்றுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக, யொரூபா மொழியின் ஒலித்தொகுப்பு ஒன்றை ஏற்றித் தரும் நிரலை எழுத வேண்டும். யொரூபா எனக்குத் தெரியாது. நைஜீரியாவின் தென்மேற்கிலும் பக்கத்து பெனினிலும் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி என்பது தெரியும். அதற்கு மேல் தெரிய வேண்டிய அவசியமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். மூட்டை சுமப்பவனுக்கு மூட்டைக்குள் இருப்பது என்னவென்று தெரிந்தாக வேண்டுமா என்ன?

தொகுப்பு 2020இல் வெளியானது. ஆண்களும் பெண்களுமாக 36 தன்னார்வலர்கள் பேசிப் பதிவான நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பேச்சு. நொடிக்கு 48,000 மாதிரிகள். மொத்தத்தில் 69 கோடிக்கு மேற்பட்ட எண்கள். கூடவே ஓர் அட்டவணை: ஒவ்வொரு வரியிலும் ஒரு கோப்பின் பெயர், பிறகு அதில் பேசப்பட்ட வாக்கியம். தொகுத்தவர்கள் அக்கறையோடு செய்திருந்தார்கள். எழுத்துகளின் மேலும் கீழும் போட வேண்டிய குறிகள் முழுவதும் போடப்பட்டிருந்தன. பேச்சு இடறும் இடங்களுக்குக்கூட அடையாளம் இருந்தது.

ஏற்றும் நிரலுக்கு மூன்று காரியங்கள். தொகுப்பில் என்னென்ன இருக்கிறது என்று அறிவிப்பது. கோப்புகளை இறக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்குமாகப் பிரிப்பது. அட்டவணையை வரி வரியாகப் படித்து, ஒலியையும் வாக்கியத்தையும் ஜோடி சேர்த்து ஒவ்வொன்றாக வெளியே அனுப்புவது. நூறு வரிக்குள் முடிந்துவிடும். படைப்பு என்று சொல்லிக்கொள்ள இதில் எதுவும் இல்லை. ஆனால் மூன்றாவது காரியத்தின் நடுவே நான் ஒரு வரியைச் சேர்த்தேன். அதற்குச் ‘சுத்தம்’ என்று பெயர் வைத்தேன்.

எழுத்தையும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் குறியையும் பிரி, குறியை எறி, எழுத்தை வைத்துக்கொள். இதுதான் அந்த வரி. யூனிகோட் இத்தகைய குறிகளுக்கு ஒரு வகைப்பெயர் வைத்திருக்கிறது: இடம் அடைக்காத குறிகள். தமக்கென்று அகலம் இல்லாதவை. பலரும் கையாளும் வரிதான். நானும் எங்கோ பார்த்து எடுத்துக்கொண்டது. இடறலைச் சுட்டும் அடையாளங்களை நீக்க இன்னொரு வரி. ஓட்டிப் பார்த்தேன். இயந்திரம் கற்க வேண்டிய எழுத்துகளின் பட்டியல் கணிசமாகச் சுருங்கிற்று. அன்று எனக்கு ஏற்பட்ட திருப்தி பொய்யில்லை. இறைந்து கிடந்த அறையைப் பெருக்கி முடித்தவனின் திருப்தி.

குழுவில் இபாடானைச் சேர்ந்த ஒரு பெண்மணி இருந்தார். சுத்தம் செய்த வாக்கியங்களை அவருக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் பேசினேன். வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். “இது எந்த ஒக்கொ?” என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் அடுக்கினார். வயல் ஒன்று. கணவன் ஒன்று. மண்வெட்டி ஒன்று. வண்டி ஒன்று. ஈட்டி ஒன்று. முதலாவதில் சாதாரண ஒகரம். மற்ற நான்கிலும் வாய் இன்னும் கொஞ்சம் திறக்கும்; அதற்குத்தான் எழுத்தின் கீழே புள்ளி. அந்த நான்கையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது குரலின் ஸ்தாயி மட்டும். உச்சத்துக்கு ஒரு சாய்கோடு, தாழ்வுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு, நடுவுக்கு ஒன்றும் கிடையாது. என் நிரல் ஐந்தையும் ஒன்றாக்கியிருந்தது.

சமாதானம் சொல்லப் பார்த்தேன். உங்கள் ஊரில் அன்றாட எழுத்தில் பெரும்பாலும் குறிகளை விட்டுவிடுகிறார்களாமே என்றேன். முதல் நாள்தான் படித்திருந்தேன். “ஆமாம், விட்டுவிடுகிறோம். எங்களுக்குத் தெரியும் என்பதால் விடுகிறோம். உங்கள் இயந்திரத்துக்கு யார் சொல்வார்கள்?” என்றார். குரலில் கோபமில்லை. அதனாலேயே சங்கடம் கூடுதலாக இருந்தது.

இதை எழுதும்போதும் அதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அந்த ஐந்தையும் தமிழ் எழுத்தில் ‘ஒக்கொ’ என்றுதான் என்னால் எழுத முடிகிறது. ஆனால் தமிழ் எழுத்து யொரூபாவுக்காக உண்டானதல்ல. அதன் இயலாமையில் குற்றமில்லை. என் நிரலுக்கு முன்னால் எல்லாம் இருந்தது. இருந்ததை எடுத்தேன்.

யொரூபாக்காரர்களிடம் பேசும் முரசு ஒன்று உண்டு. துன்துன் என்று பெயர். நம் உடுக்கை போல இடை சிறுத்தது. அக்குளில் இடுக்கி வார்களை அழுத்தினால் ஸ்தாயி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அதில் வாழ்த்துச் சொல்கிறார்கள், பழமொழி சொல்கிறார்கள். உயிரும் மெய்யும் போய்விட, ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சுகிறது. கேட்பவர்கள் அதிலிருந்து பேச்சை மீட்டுக்கொள்கிறார்கள். முரசு வைத்துக்கொண்டதை நான் எறிந்தேன், அது எறிந்ததை வைத்துக்கொண்டேன். இரண்டும் பாதிதான். ஆனால் முரசுக்கு எதிரே அந்த மொழியில் வளர்ந்த காது இருக்கிறது. என் பட்டியலுக்கு எதிரே இருந்தது ஒன்றும் தெரியாத இயந்திரம். ஒலியில் ஸ்தாயி அப்படியே இருந்தது. நொடிக்கு 48,000 மாதிரிகளை 16,000ஆகக் குறைத்தபோதும் அது போகவில்லை. குரல் ஈட்டி என்கிறது. எழுத்து ஏதோ ஒன்று என்கிறது. இரண்டும் சரியாகப் பொருந்துகின்றன என்று இயந்திரத்தை நம்பவைப்பது என் நிரலின் வேலை ஆகியிருந்தது.

அன்றிரவு, ஒரு வீம்புக்காக, அந்த ஒற்றை வரியைத் தமிழின்மேல் ஓட்டினேன். தமிழில் ஸ்தாயிக் குறி கிடையாது, ஒன்றும் ஆகாது என்று எண்ணம். ‘மீன்’ என்று கொடுத்தேன். ‘மன’ என்று வந்தது. ‘கண்ணீர்’ ‘கணணர’ ஆயிற்று. ‘தீ’ வெறும் ‘த’. யூனிகோட் கணக்கில் நம் மெய்யெழுத்தின் புள்ளியும் ஈகாரத்தின் சுழியும் அதே வகை, இடம் அடைக்காதவை. மற்ற உயிர்க்குறிகள் இடம் அடைப்பவை என்பதால் பிழைத்தன. வேறொருவர் மொழியில் மூன்று வாரமாக எனக்கு உறைக்காத ஒன்று, மூன்று சொற்களில் உறைத்தது. இதை என் பெருமையாகச் சொல்லவில்லை.

புள்ளி இல்லாத தமிழ் நமக்குப் புதிதல்ல. ஓலையில் புள்ளி இடுவது வழக்கமாக இருக்கவில்லை. மெய்யா உயிர்மெய்யா, எகரமா ஏகாரமா என்பதை வாசிப்பவரே தீர்மானித்தார். அவருக்கு யாப்பு தெரியும், சொல் தெரியும், ஆசிரியரிடம் காதால் கேட்ட பாடம் இருந்தது. இபாடான்காரர் சொன்னதும் இதுதான். குறி இல்லாத எழுத்து, தெரிந்தவர்களுக்கிடையே ஓர் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும் நான் அதன் சலுகையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நாம் சில நூறு பேருக்கென்று எழுதுகிறவர்கள். தெரிந்தவர் இட்டு நிரப்பிக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் நம் கவிதைகள் பாதி சொல்லி நிற்கின்றன. அதில் பிழையில்லை. ஆனால் எழுதியவன் விட்டது வேறு, இடையில் வந்தவன் எடுத்தது வேறு. ஒரு சிற்றேட்டுக்கு மெய்ப்புப் பார்த்த நாட்களில், ஒரு கதையில் கரிசல்காட்டுக் கிழவி ‘வாரேன்’ என்றதையெல்லாம் ‘வருகிறேன்’ ஆக்கினேன். கதாசிரியர் புதியவர், எதிர்க்கவில்லை. அச்சில் வந்தபோது அவள் யாருடைய பாட்டியாகவும் இருக்கலாம் என்று ஆகியிருந்தாள். அதற்கும் சுத்தம் என்றுதான் அப்போது பெயர் வைத்திருந்தேன்.

நிரலைத் திருத்தினேன். நீக்கும் வரி போயிற்று. ஒரே குறி, எழுத்தோடு சேர்ந்தும் தனித்தும் இரண்டு விதமாகப் பதிவாகக்கூடும். அதை ஒரே விதமாக்கும் வரியை மட்டும் வைத்தேன். அது எதையும் குறைப்பதில்லை. இடறல் அடையாளங்களையும் திரும்ப வைத்தேன். வேண்டாதவர் தாமே நீக்கிக்கொள்ளட்டும். பட்டியல் மறுபடி நீண்டது. இயந்திரம் முன்னைவிட அதிகம் பிழை செய்தது. பிழை செய்ய இப்போது இடம் அதிகம். முன்பு பிழை குறைவாகத் தெரிந்தது கேள்வியையே சுருக்கிவிட்டதால்தான்.

2025இல் ஹக்கிங் ஃபேஸின் டேட்டாசெட்ஸ் நூலகம் தன் 4.0 பதிப்பில் இத்தகைய ஏற்று நிரல்களுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலைத் தன் கணினியில் ஓடவிடுவது ஆபத்து, நியாயம்தான். ஆக, அந்தப் பதிப்பில் என் நிரல் ஓடாது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

வேலை முடிந்த நாளில் அவர் அந்த ஐந்து சொற்களையும் எனக்காக ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார். நான் திருப்பிச் சொன்னேன். வயல் வந்தது. கணவன் வந்தான். ஈட்டி என்று நினைத்து நான் சொன்னது என்னவாயிற்று என்று அவர் சொல்லவில்லை. சிரித்துவிட்டு, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றார்.