மெல்லிய கம்பி

மொறிஸ் மைனரில் திறப்பைத் திருகினால் எஞ்சினுக்கு முன்னமே பெற்றோல் பம்ப் சத்தம் போடும். டிக், டிக், டிக் என்று அடித்து, பிறகு நின்றுவிடும். நின்றால் காபரேற்றர் கிண்ணம் நிறைந்து, மிதவை மேலெழுந்து ஊசியை அடைத்துவிட்டது என்று அர்த்தம். நிற்காவிட்டால் எங்கேயோ பெற்றோல் வழிகிறது. அல்லது தாங்கி வெறுமை.

அறுபதுகளில் அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கியதால், அதற்கு முன் வந்திறங்கிய மொறிஸும் ஒஸ்ரினும் யாழ்ப்பாணத்திலேயே கிழடு தட்டின. அவற்றை ஓடவைத்தவர்கள் கராஜ்காரர்கள். கொக்குவிலில் ரயில் பாதையோரம் இருந்தவரை நாங்கள் அண்ணை என்போம். பொனற்றைத் திறக்கமுதல் அவர் பம்பைத்தான் கேட்பார். "கதையாதையுங்கோ தம்பி, அது நிக்குதோ எண்டு பாப்பம்."

பிறகு எஸ்.யூ. காபரேற்றரின் கிண்ண மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடிப்பார். மிதவை தூக்கும் கவைக்கும் மூடிக்கும் இடையில் புத்தகம் சொல்லும் தடிப்புள்ள ஓர் உருண்டைக் கம்பியை நுழைப்பார். அது மெல்ல உரசிக்கொண்டு போகவேண்டும். இறுகினாலும் பிழை, ஆடினாலும் பிழை. கவையின் வளைவில் குறடு படவே விடமாட்டார். அது தண்டோடு சேரும் இடத்தில் ஒரு மயிரிழை வளைப்பார், அவ்வளவுதான். கிண்ணத்தில் பெற்றோல் மட்டம் ஏறினால் அது வழிந்து பிளக் கறுக்கும். இறங்கினால் முறுக்கும்போது எஞ்சின் திணறும்.

பித்தளை மிதவையைக் காதருகே குலுக்குவார். சளக்கென்றால் ஓட்டை. கொதிநீரில் அமிழ்த்தினால் குமிழி வந்து இடத்தைக் காட்டிவிடும். ஓட்டையை அடைக்கும் ஈயத்தை மட்டும் மிக அளந்தே வைப்பார், கூடினால் மிதவை பாரமாகி மட்டம் ஏறிவிடும் என்பதால்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. ரயில் நின்றது, மின்சாரம் நின்றது, பெற்றோல் வருவது தடைப்பட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் சில துளி விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுவது. தெருவெல்லாம் அந்த மணமும் புகையும். இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய் மணத்தால் எனக்குக் கொக்குவில்தான்.

ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைவிட அடர்த்தி கூடியது. மிதவை அதில் உயர்ந்து மிதக்கும். ஊசி முந்தியே அடைபட்டு, மட்டம் தாழ்ந்துவிடும். புத்தகத்து அளவு பொய்த்துப்போனதை எவரும் சொல்லாமலே அண்ணை கண்டுகொண்டார். பழைய கம்பியை ஒதுக்கிவிட்டு, அதைவிட மெல்லியதொன்றைத் தேடி எடுத்தார். கவையை அதற்கு வளைத்து மட்டத்தை உயர்த்தினார். பட்டம் பெற்ற எத்தனையோ பேரைப் பிறகு கண்டிருக்கிறேன். அந்தக் கைக்குக் கொடுத்த மரியாதையை வேறொருவருக்கும் என்னால் கொடுக்க முடியவில்லை.

1995 ஒக்டோபர் 30இல் சண்டை நெருங்க, ஊரே இடம்பெயர்ந்து எழும்பி நடந்தது. கராஜும் போயிற்று, அந்தக் கம்பிகளும் போயின. ரயில் 2014இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டது. எஸ்.யூ. உதிரிப்பாகங்களை இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மிதவைக்கான அளவும் கையேட்டில் இருக்கிறது, பெற்றோலுக்கு மட்டும். மெல்லிய கம்பியின் தடிப்பு என்னவென்று அண்ணையிடம் கேட்டு எழுதிவைத்தவர் எங்களில் ஒருவருமில்லை.